திருப்திகரம்: ஜப்பானில் ஐந்து நாள்

முதல் நாள்: நிஷி-கசாய்

மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாயிற்று. டோக்கியோவின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது நிஷி-கசாய். 2000-ஆம் ஆண்டு பிறக்கும்போது கணினிகள் குழம்பிவிடும் என்று உலகமே பயந்ததே, அதைச் சரிசெய்ய வந்த நம்மவர்கள் இந்தப் பக்கம் குடியேறினார்கள். இன்று ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே துவரம்பருப்பும் கறிவேப்பிலையும் கிடைக்கின்றன. என் மனைவி ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த மூட்டையைப் பார்த்து மகள் சிரித்தாள்.

மாலையில் தோசாய் லைன் ரயிலில் ஏறி குதான்ஷிதாவில் இறங்கினோம். சிதோரிகாஃபுச்சி அகழியை ஒட்டி நம் தூதரகம். செர்ரி பூக்கும் மாதத்தில் நிற்க இடம் இருக்காதாம். நவம்பரில் நாங்களும் இரண்டு வாத்துகளும்தான். உள்ளே எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் வாசல் பலகையையும் கொடியையும் பார்த்தபடி பத்து நிமிடம் நின்றேன். இந்த மாதிரி வாசல்களுக்கு உள்ளே மூன்று நாடுகளில் வேலை பார்த்தவன் நான். ஜப்பான் அதில் இல்லை. அசிஸ்டெண்டாகச் சேர்ந்து அட்டாஷே என்ற சிறிய அதிகாரியாக ஓய்வு பெற்றேன். விசா, பாஸ்போர்ட், இறந்தவர் உடலை ஊருக்கு அனுப்புவது, கடைசியில் நிர்வாகம். ஒவ்வொரு ஏப்ரலிலும் கீழே இருப்பவர்களுக்கு மதிப்பீட்டு அறிக்கை எழுதுவேன். எனக்கு மேலே இருப்பவர் எனக்கு எழுதுவார்.

“உங்களுக்கு ரிட்டயர் ஆனாலும் இன்ஸ்பெக்‌ஷன் புத்தி போகலைங்க” என்றாள் மனைவி. கொடிக் கயிறு தளர்ந்திருப்பதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

திரும்பும் வழியில் குடை வாங்கக் கடைக்குள் போனோம். பேரனுக்கு எட்டு வயது, ஜப்பானியப் பள்ளியில் படிக்கிறான். அவன்தான் பேசினான். கடைக்காரம்மா சிரித்துச் சிரித்து நீளமாக ஏதோ சொன்னார். “என்னடா சொல்றாங்க?” என்றேன். “குடை நல்லாயிருக்காம்” என்றான். அவ்வளவு நீளத்துக்கு இவ்வளவுதானா என்று ஒரு சந்தேகம்.

இரண்டாம் நாள்: யோகோஹாமா

இந்தப் பயணத்தில் நானே கேட்டு வாங்கிய இடம் இது. எல்லோரும் சைனாடவுனுக்குப் போவார்கள். நான் நிஹோன்-ஓதோரியில் இருக்கும் ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். 1931-ல் பிரிட்டிஷ் துணைத் தூதரகத்துக்காகக் கட்டிய கட்டடம். முற்றத்தில் ஒரு பெரிய மரம், பெயர் தமகுசு. 1923 பூகம்பத்தில் எரிந்து, வேரிலிருந்து மறுபடி துளிர்த்ததாம். 1854 மார்ச் 31-ல் அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெர்ரியும் ஜப்பானிய அதிகாரிகளும், ஜப்பானின் கதவை அமெரிக்கக் கப்பல்களுக்குத் திறந்துவிட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது இந்த மரத்துக்கு அருகேதான்.

அந்தப் பேச்சுவார்த்தை எந்த மொழியில் நடந்தது தெரியுமா? ஆங்கிலத்திலும் இல்லை, ஜப்பானியத்திலும் இல்லை. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஜப்பான் ஐரோப்பியரில் டச்சுக்காரர்களோடு மட்டும்தான் வியாபாரம் செய்தது. அதனால் நாகசாகியில் டச்சு மொழிபெயர்ப்பாளர் என்பது அப்பனுக்குப் பிறகு மகன் என்று வரும் பரம்பரைத் தொழில். பெர்ரியும் ஒரு டச்சுக்காரரைக் கூட்டி வந்திருந்தார். சீன எழுத்துக்குத் தனியாக ஒருவர். ஆங்கிலம் டச்சாகி, டச்சு ஜப்பானியமாகி, அதே வழியில் பதிலும் திரும்ப வரும். இதில் ஒரு சொல் எங்கேயோ நழுவியது. அந்தக் கதையை ஷிமோடாவில் வைத்துச் சொல்கிறேன், அதற்குத்தான் நாளை மறுநாள் போகிறோம்.

காப்பகத்திலிருந்து யமதே மலைக்கு நடந்தோம். மனைவிக்கு முழங்கால் வலி, பாதி வழியில் டாக்ஸி. மேலே துறைமுகம் தெரியும் பூங்கா. நவம்பரிலும் ரோஜா இருந்தது. பூங்காவுக்குள்ளேயே பிரிட்டிஷ் துணைத் தூதர் குடியிருந்த 1937-ஆம் ஆண்டு வீடு, இப்போது யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். இந்த யமதேயில்தான் அமெரிக்க வெளியுறவுத் துறை பல பத்தாண்டுகளாக ஜப்பானிய மொழிப் பள்ளி நடத்தி வந்திருக்கிறது. என்னைப் போன்றவனுக்கு அது கோயில் மாதிரி, ஆனால் கும்பிட்டுவிட்டு வெளியே நிற்க வேண்டிய கோயில்.

அமெரிக்கர்களின் கணக்கு கறாரானது. ஸ்பானிஷ் மாதிரி மொழியென்றால் ஏழு மாதத்துக்குள் முடித்துவிடுவார்கள். ஜப்பானியம், சீனம், கொரியன், அரபு இவற்றுக்கு 88 வாரம், 2,200 மணி நேர வகுப்பு. இரண்டாவது வருடத்தை அந்த மொழி பேசும் மண்ணிலேயே படிக்க வைக்கத்தான் இப்படிப்பட்ட பள்ளிகள். (தமிழுக்கு 44 வாரம். “அவ்வளவுதானா? எனக்கு இன்னும் ழகரம் வரலையே” என்றார் மருமகன். அவர் கான்பூர்க்காரர்.) வகுப்பு முடிந்ததும் பரீட்சை. பேசுவதற்குத் தனி மதிப்பெண், வாசிப்பதற்குத் தனி. பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை. பூஜ்யம் என்றால் ஒன்றும் தெரியாது, ஐந்து என்றால் படித்த உள்ளூர்க்காரர். தூதரகத்தில் எந்த நாற்காலிக்கு எந்த மொழியில் எத்தனை மதிப்பெண் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார்கள். பெரும்பாலும் பேச்சுக்கு மூன்று, வாசிப்புக்கு மூன்று.

இத்தனை ஏற்பாடு இருந்தும் 2008 அக்டோபர் இறுதி நிலவரப்படி, அப்படிக் குறித்த வெளிநாட்டுப் பணியிடங்களில் இருந்தவர்களில் 31 சதவீதம் பேருக்குத் தேவையான மதிப்பெண் இல்லை. ஆப்கானிஸ்தானில் 73 சதவீதம். அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு இதை வெளியிட்டது. 2016-ல் மறுபடி எண்ணியபோது 23 சதவீதம். நாற்காலி காலியாகக் கிடப்பதைவிட மொழி தெரியாத ஆளையாவது உட்கார வைப்போம் என்பதுதான் பாதிக் காரணம். இது எங்கும் உள்ளதுதான். ஆனால் எத்தனை பேர் தேறவில்லை என்பதை எண்ணி வெளியே சொல்லவும் ஒரு மனசு வேண்டும். நான் இருந்த இடங்களில் யாரும் எண்ணிப் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

மலையில் இன்னொருவரையும் நினைத்துக்கொண்டேன். எர்னஸ்ட் சாட்டோ. 1862 செப்டம்பரில், 19 வயதில், பயிற்சி மொழிபெயர்ப்பாளராக யோகோஹாமாவில் வந்து இறங்கிய பிரிட்டிஷ் பையன். ஜப்பானியம் கற்க வந்தவனை முதலில் பீக்கிங்குக்கு அனுப்பிச் சீனம் படிக்க வைத்தார்கள். சீனம் தெரிந்தால் ஜப்பானியம் தானாக வரும் என்று மேலிடத்தில் யாரோ நினைத்துவிட்டார். யோகோஹாமாவுக்கு வந்த பிறகு அலுவலகக் கடிதங்களை நகலெடுக்கச் சொன்னார்கள். படிக்க நேரம் கொடுங்கள் என்று அவனும் கூட்டாளிகளும் மேலதிகாரியோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. 160 வருடம் கழித்தும் அதே சண்டைதான். நம் வெளியுறவுப் பணியில் சேரும் ஒவ்வொருவருக்கும் கட்டாயமாக ஒரு அந்நிய மொழி ஒதுக்கி, மூன்றாம் செயலர் என்ற பெயரில் அந்த நாட்டுக்கே அனுப்புகிறார்கள். தேர்வில் தேறினால்தான் வேலை நிரந்தரம். அப்படி வந்த ஒரு பிள்ளை, அமைச்சர் வருகைக்காக ஒரு வாரம் விமான நிலையத்தில் பெட்டி எண்ணிக்கொண்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். பெட்டி எண்ணச் சொன்னதில் நானும் ஒருவன்.

சாட்டோ பிற்பாடு ஜப்பானுக்கே பிரிட்டிஷ் தூதராக வந்தார். அவரை அனுப்பிய துறை 2007-ல் தன் மொழி மையத்தை மூடியது. 2013-ல் மறுபடி திறந்தது.

மூன்றாம் நாள்: மழை

வெளியே போக முடியவில்லை. மகள் வெங்காய பஜ்ஜி போட்டாள். நேற்றைய பதிவைப் படித்துவிட்டுப் பழைய சகா ஒருவர் செய்தி அனுப்பியிருந்தார்: “அண்ணாச்சி, அமெரிக்காக்காரன் கதை இருக்கட்டும். உஸ்தாத் கதையை எப்ப எழுதப் போறீங்க?”

எழுதிவிடுகிறேன்.

ஒரு வளைகுடா நாடு. தூதரகத்தில் உள்ளூர்ப் பணியாளர் ஒருவர் இருந்தார். சூடான்காரர், வயதானவர். அரபு மொழிபெயர்ப்பு, காவல் நிலையத்துக்கு போன், அமைச்சகத்துக்குக் கடிதம் எல்லாம் அவர்தான். நாங்கள் உஸ்தாத் என்போம், வாத்தியார் என்று அர்த்தம். இந்தியாவிலிருந்து போன எங்களுக்கு மூன்று வருடத்தில் மாற்றல். அவர் 20 வருடமாக அதே மேஜை.

தஞ்சாவூர்ப் பக்கத்துத் தொழிலாளி ஒருவர் மாரடைப்பில் இறந்துபோனார். மரணச் சான்றிதழ் அரபியில் வந்தது. உஸ்தாத் அந்த வாரம் விடுப்பு. வெளியே கொடுத்து வாங்கிய மொழிபெயர்ப்பைப் பார்த்தேன், ஆங்கிலம் நன்றாக இருந்தது, பாஸ்போர்ட்டை ரத்து செய்து தடையின்மைச் சான்றில் கையெழுத்து போட்டேன். சரக்கு விமானத்தில் உடலை ஏற்ற மறுத்துவிட்டார்கள். மூலச் சான்றிதழில் வேறு பெயர் இருக்கிறதாம். அரபு எழுத்தில் குறில் உயிர்களை எழுதமாட்டார்கள். நம்முடைய நீளமான பெயரை முகாம் மேலாளர் உச்சரித்தபடி எழுதி, அப்பா பெயரையும் மகன் பெயரையும் ஒட்டி, நடுவில் ஒரு எழுத்தை விழுங்கியிருந்தார்கள். மொழிபெயர்த்தவர் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெயரைத் தானே சரியாக எழுதிவிட்டார். அதனால் என் கண்ணுக்கு எல்லாம் பொருந்தியது.

உஸ்தாத் திரும்பி வந்த அன்று காலை காகிதத்தை ஒருமுறை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். மதியம் திருத்திய சான்றிதழோடு வந்தார். உடல் ஊருக்குப் போனபோது ஆறு நாள் தாமதம். தினமும் காலையில் அந்த வீட்டிலிருந்து ஒரு பெண் எனக்கு போன் செய்வார். “இன்னைக்கு வந்துருமா சார்?” என்பார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கமாட்டார்.

இனி மதிப்பீடு. எங்களைப் போன்றோருக்கு ஏபிஏஆர் என்ற ஆண்டறிக்கை. ஒன்றிலிருந்து பத்து வரை மதிப்பெண். செய்த வேலைக்கு 40 சதவீத எடை, குணநலனுக்கு 30, பணித் திறனுக்கு 30. முன்பெல்லாம் இது ரகசியம், மோசமாக எழுதியிருந்தால் மட்டும் கூப்பிட்டுச் சொல்வார்கள். ‘குட்’ என்று வாங்கியதே பதவி உயர்வைக் கெடுத்துவிட்டது என்று ஒருவர் வழக்குப் போட்டார். நல்லதோ கெட்டதோ, எழுதியதையெல்லாம் ஊழியருக்குக் காட்டியாக வேண்டும் என்று 2008-ல் தேவ் தத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இப்போது எல்லாம் ஆன்லைன்.

எங்கள் அலுவலகத்தில் உள்ளூர்ப் பணியாளருக்கு இதெல்லாம் கிடையாது. ஒரே ஒரு பக்கம். நேரத்துக்கு வருகிறாரா, பணிவு உண்டா என்று சில கட்டங்கள். அதில் ஒன்று மொழித் திறன். எனக்குத் தெரிந்த அரபு ‘ஷுக்ரன்’, ‘யல்லா’ இரண்டும்தான். உஸ்தாதின் அரபுக்கு நான் என்ன மதிப்பெண் போட? ‘திருப்திகரம்’ என்று எழுதினேன். அதற்கு மேல் எழுதினால் எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்பார்களோ என்று பயம். அந்த வருடம் என் சுய மதிப்பீட்டில், இறந்தோர் வழக்குகளைத் துரிதமாக முடித்தேன் என்று எழுதிக்கொண்டேன். எனக்கு ‘வெரி குட்’ வந்தது.

இன்ஸ்பெக்‌ஷன் குழு மூன்று நாள் வந்து உட்கார்ந்தது. ரொக்கப் பதிவேடு, கார் லாக் புத்தகம், ஸ்டேஷனரி இருப்பு எல்லாம் பார்த்தார்கள். மொழி தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார்கள். பட்டியலைப் பார்த்து இரண்டு என்றோம். அதில் ஒருவர் தேர்வு எழுதி 11 வருடம் ஆகியிருந்தது, அதன்பிறகு அரபு பேசும் நாட்டுக்கே அவர் போனதில்லை. கவுன்டர் பக்கம் ஒரு அரை மணி நேரம் நின்று காது கொடுத்திருந்தால் போதும், யார் பேசுகிறார்கள், யார் தலையாட்டுகிறார்கள் என்று தெரிந்திருக்கும். யாரும் நிற்கவில்லை.

பஜ்ஜி ஆறிவிட்டது.

நான்காம் நாள்: ஷிமோடா

ஓதோரிக்கோ விரைவு ரயில். கடலை ஒட்டியே போகிறது. மலைச்சரிவெல்லாம் ஆரஞ்சுத் தோட்டம். இரண்டே முக்கால் மணி நேரம் பேரன் ஜன்னலை விட்டு நகரவில்லை. இறங்கியதும் கின்மேதாய் என்ற சிவப்பு மீன் குழம்பு, இனிப்பும் சோயாவும் சேர்த்தது. மனைவிக்குப் பிடிக்கவில்லை, எனக்கு இரண்டு தட்டு.

கடற்கரையோரம் இரண்டு கிலோமீட்டர் நடந்தால் ககிசாக்கி என்ற மீனவக் குப்பம். அங்கே க்யோகுசென்ஜி என்ற சிறிய பௌத்தக் கோயில். ஜப்பானில் அமெரிக்காவின் முதல் துணைத் தூதரகம் இதுதான். 1856 ஆகஸ்டில் டவுன்சென்ட் ஹாரிஸ் கப்பலில் வந்தார், செப்டம்பர் 4-ஆம் தேதி இந்த முற்றத்தில் கொடியேற்றினார். கூட ஹென்றி ஹியூஸ்கன் என்ற 24 வயது மொழிபெயர்ப்பாளர். ஆம்ஸ்டர்டாமில் பிறந்து நியூயார்க்குக்குப் பிழைக்கப் போனவர். டச்சு தெரியும் என்பதே அவருக்கு வேலை வாங்கித் தந்தது.

யோகோஹாமாவில் நழுவிய சொல் இங்கேதான் அகப்பட்டது. ஒப்பந்தத்தின் 11-ஆவது பிரிவு. கையெழுத்தாகி 18 மாதம் கழித்து ஷிமோடாவில் துணைத் தூதரை வைக்கலாம், ‘இரண்டில் ஏதாவது ஒரு அரசு’ தேவை என்று கருதினால் போதும் என்கிறது ஆங்கிலப் பிரதி. ஜப்பானியப் பிரதியோ ‘இரண்டு நாட்டு அரசுகளும்’ என்கிறது. ஹாரிஸ் தன் பிரதியை நம்பிக் கப்பலேறி வந்துவிட்டார். நாங்கள் கூப்பிடவே இல்லையே என்று விழித்தார்கள் ஷிமோடா அதிகாரிகள். அவர்கள் பிரதிப்படி அது சரிதான். 1854 டிசம்பரில் வந்த பூகம்பத்திலும் ஆழிப்பேரலையிலும் ஊரே அழிந்து கிடக்கிறது, ஒரு வருடம் கழித்து வாருங்கள் என்றார்கள். அவர் மறுத்துவிட்டார். கடைசியில் இந்தக் கோயிலைக் கொடுத்தார்கள்.

அந்த வரியைத் தவறாக மொழிபெயர்த்தவர் யார் என்று இன்றும் பேசுகிறார்கள். வேண்டுமென்றே மாற்றியதாகச் சொல்பவர்களும் உண்டு. ஜப்பானியத் தரப்பில் மொரியாமா எய்னோசுகே சாமானியர் இல்லை. நாகசாகியில் காவலில் வைக்கப்பட்டிருந்த ரனால்ட் மெக்டொனால்ட் என்ற அமெரிக்க மாலுமியிடம் ஆங்கிலம் கற்றவர். எனக்கு உறுத்துவது வேறு. இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரளமாக வாசிக்கக்கூடிய ஒரு ஆள் பெர்ரியின் கப்பல் கூட்டத்தில் இல்லை. தங்கள் ஆங்கிலம் சரியாக இருந்தது, கையெழுத்துப் போட்டார்கள். நான் போட்ட மாதிரியேதான்.

கோயில் வளாகத்தில் சிறிய அருங்காட்சியகம். வெளியே பெர்ரியின் கப்பலில் வந்து இறந்த அமெரிக்க மாலுமிகளின் கல்லறைகள், தள்ளி ரஷ்யர்களுடையவை. மாடு அறுத்த இடத்துக்கு ஒரு நினைவுச்சின்னம், ஹாரிஸ் பால் குடித்ததற்கு ஒன்று. மாட்டுப்பால் குடிக்கும் வழக்கமில்லாத ஊரில் நோயாளித் தூதர் பால் கேட்டது அவ்வளவு பெரிய சேதி. மனைவிக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. “பாவம், காபிக்குத்தான் கேட்டிருப்பார்” என்றாள்.

ஹாரிஸுக்கு ஓராண்டுக்கு மேல் வாஷிங்டனிலிருந்து ஒரு கடிதம்கூட வரவில்லை. பேச்சுத்துணை ஹியூஸ்கன்தான். ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர்கள் பேசிய டச்சோ 250 வருடத்துக்கு முந்தைய கப்பல்காரர்களின் டச்சு என்று ஹாரிஸ் குறித்திருக்கிறார். ஒரு வாக்கியத்தை முடிக்கவே பாடுபட்டிருப்பார்கள். அப்படியே பேசிப் பேசித்தான் 1858 ஜூலையில் வணிக ஒப்பந்தம் கையெழுத்தானது. அடுத்த மாதம் பிரிட்டிஷ்காரர்கள் வந்தபோதும் ஹியூஸ்கனைத்தான் இரவல் வாங்கினார்கள். அதற்குள் ஜப்பானியமும் கற்றிருந்தார்.

ஊருக்குள் பெர்ரி சாலை என்று கால்வாயோரத் தெரு இருக்கிறது. அழகுதான். கால் ஓய்ந்துவிட்டது, ரயிலில் தூங்கிவிட்டேன்.

ஐந்தாம் நாள்: மினாமி-அஸாபு

கடைசி நாள். மற்றவர்கள் கடைகளுக்குப் போக, பேரனை மட்டும் கூட்டிக்கொண்டு கோரின்ஜி என்ற கோயிலுக்குப் போனேன். ஹியூஸ்கன் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார்.

1861 ஜனவரி 15 இரவு. ஒப்பந்தம் போட வந்திருந்த பிரஷ்யர்களுக்கு மொழிபெயர்த்துக் கொடுத்துவிட்டுக் குதிரையில் திரும்பிக்கொண்டிருந்தவரை வாள் வீரர்கள் மறித்து வெட்டினார்கள். மூன்றாவது நாட்டுக்கும் இவரே மொழிபெயர்ப்பாளர். அப்போது வயது 28. அப்போது ஜப்பானை ஆண்ட ஷோகன் அரசு அவருடைய அம்மாவுக்கு 10,000 டாலர் இழப்பீடு கொடுத்தது.

அதே மயானத்தில் டங்கிச்சி என்பவரும் இருக்கிறார். ஜப்பானியர். கடலில் வழிதவறி, வெளிநாட்டுக் கப்பலில் பிழைத்து, ஆங்கிலம் கற்று, பிரிட்டிஷ் தூதரக மொழிபெயர்ப்பாளராகத் தன் நாட்டுக்கே திரும்பியவர். இன்றைய பேச்சில் சொன்னால் லோக்கல் ஸ்டாஃப். ஹியூஸ்கனுக்கு ஒரு வருடம் முன்பு, தூதரக வாசலருகே முதுகில் குத்திக் கொன்றார்கள்.

உஸ்தாதும் ஒருமுறை காவல் நிலையத்திலிருந்து கன்னம் வீங்கி வந்தார். நம் தொழிலாளி ஒருவருக்காகப் பேசப் போனவர். என்ன நடந்தது என்று கேட்டேன். “கீழே விழுந்துவிட்டேன்” என்றார். படிவத்தில் அதற்கும் கட்டம் இல்லை.

கோயில் வாசலில் ஒரு பாட்டி இலை கூட்டிக்கொண்டிருந்தார். ஹியூஸ்கன் பெயரைச் சொன்னதும் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். கை மேலே போனது, கீழே வந்தது, ஒரு இடத்தில் குரல் இறங்கியது. இரண்டு நிமிடமாவது இருக்கும். பேரன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான்.

“என்னடா சொன்னாங்க?”

“அந்தப் பக்கம் இருக்காம் தாத்தா.”

“இவ்வளவு நேரம் அதையா சொன்னாங்க?”

“ஆமா.”

“சரியாக் கேட்டியா?”

“கேட்டேனே. வேணும்னா நீங்களே கேட்டுப் பாருங்க” என்று சொல்லிவிட்டு ஓடினான். பாட்டி என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் தலையாட்டிவிட்டு அவன் பின்னால் நடந்தேன்.